தாங்கும் மலையும் தாக்கும் மலையும்
பொறியில்லா வானூர்தி வரலாறு புகட்டும் பாடம்

பருந்து இறகை அசைக்காமல் நெடுநேரம் வானில் மிதப்பதைக் காணாதவர் நம்முள் இலர். அஃது எவ்வாறு இயல்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் சிலர். அவ்வாறே தாமும் மிதக்க வேண்டும் என்று துணிந்து, மலைச்சரிவிலிருந்து காற்றில் இறங்கியவர் மிகச் சிலர். அம்மிகச் சிலருடைய முயற்சியின் பயனாக நமக்குக் கிடைத்ததே கிளைடர் எனப்படும் பொறியில்லா வானூர்தி.

கிளைடரில் பறப்போர் முதன்முதலாகக் கண்டறிந்த வழி, காற்று மோதும் மலைச்சரிவை ஒட்டிப் பறப்பது. இக்கலை பிறந்ததும் வளர்ந்ததும் மலைச்சரிவிலேயே. ஆயினும், இக்கலை மிகுதியான உயிர்களைப் பலிகொண்ட இடங்களுள் ஒன்றும் அம்மலைச்சரிவே. தாங்கும் மலையே தாக்கவும் செய்வது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். இன்று இளம் விமானிக்குக் கற்பிக்கப்படும் சரிவுப் பறப்பு விதிகள் சிலவே. ஆனால் அவை யாரோ ஒருவர் மேசையருகே அமர்ந்து எழுதியவை அல்ல. மலையின் இயல்பை உயிர் கொடுத்துக் கற்றவர்கள் விட்டுச் சென்றவை.

காற்று மலை ஏறும் விதம்

முதலில் கிளைடர் எவ்வாறு மிதக்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். எஞ்சின் இல்லாமையால் கிளைடர் தன்னைச் சூழ்ந்துள்ள காற்றினூடே எப்பொழுதும் கீழ்நோக்கியே சறுக்கிக் கொண்டிருக்கும். அச்சறுக்கலே அதற்கு வேகத்தைத் தருகிறது. அவ்வேகமே இறக்கைகளுக்குத் தூக்குவிசையைத் தருகிறது. நல்ல கிளைடர் ஒன்று நொடிக்கு ஒரு மீட்டர் அளவில், அல்லது அதற்கும் குறைவாகத் தாழும்.

இப்பொழுது, மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று நீண்ட மலைத்தொடர் ஒன்றின்மீது குறுக்காக மோதுவதாகக் கொள்வோம். காற்றுக்கு வேறு வழியில்லை; சரிவின்மேல் ஏறியே கடக்க வேண்டும். அதன் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு மேல்நோக்கித் திரும்பினாலும் நொடிக்கு 2 மீட்டர் ஏற்றம் கிடைக்கும். அக்காற்றினுள் நொடிக்கு ஒரு மீட்டர் தாழும் கிளைடர், நிலத்தை நோக்க நொடிக்கு ஒரு மீட்டர் உயரும். மேலே செல்லும் நகரும் படிக்கட்டில் ஒருவர் மெல்லக் கீழ்நோக்கி நடந்தாலும் மேல்மாடியைச் சென்றடைவார் அல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

காற்று வீசும் வரையில், மலைத்தொடரின் நீளம் முழுவதும் இந்த ஏற்றம் கிடைக்கும். ஆனால் அஃது எங்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. சரிவின் அருகிலும், முகட்டுக்குச் சற்று முன்புறத்திலும் அது வலிமையாக இருக்கும். மலையை விட்டு விலகி வெளியே செல்லச் செல்ல மெலியும். காற்றுத் தளர்ந்த நாள்களில் சரிவை ஒட்டிய குறுகிய பட்டை ஒன்றில் மட்டுமே ஏற்றம் எஞ்சியிருக்கும். எனவே உயரம் குறையக் குறைய விமானி மலையை நெருங்கவே முற்படுவான். எந்த நேரத்தில் மலையை விட்டு விலகுவது அறிவுடைமையோ, அந்த நேரத்திலேயே மலை அவனைத் தன்பால் ஈர்க்கிறது. இடரின் வேர் இதுவே.

லிலியந்தால் கண்ட முடிவு

ஜெர்மனி நாட்டுப் பொறியாளர் ஓட்டோ லிலியந்தால், 1891 முதல் 1896 வரை தாமே அமைத்த கிளைடர்களில் ஏறத்தாழ 2000 முறை பறந்தார். பெர்லினை அடுத்த லிக்டர்பெல்டேயில், 1894ஆம் ஆண்டு 15 மீட்டர் உயரமுள்ள செயற்கைக் குன்று ஒன்றை இதற்கெனவே எழுப்பினார். ரினோவ் குன்றுகளில் 250 மீட்டர் தொலைவு வரை பறந்து காட்டினார். இறக்கைகளுக்குக் கீழே தொங்கியவாறு, உடலை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசைத்து ஊர்தியைச் செலுத்துவது அவர் முறை.

1896ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள், ஷ்டோல்ன் என்னும் சிற்றூரை அடுத்த கோலன்பெர்க் குன்றிலிருந்து அவர் பறந்தார். திடீரென எழுந்த காற்று ஊர்தியின் முகப்பை மேலே தூக்கி நிறுத்தியது. வேகம் அழிந்தது; வேகத்தோடு தூக்குவிசையும் அழிந்தது. கால்களை முன்னே வீசி முகப்பைத் தாழ்த்த அவர் முயன்றும் பயனில்லை. ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்திலிருந்து வீழ்ந்து முதுகெலும்பு முறிந்து, மறுநாள் பெர்லினில் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 48.

இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. ஒன்று, காற்றின் திடீர் எழுச்சி ஊர்தியின் வேகத்தைப் பறிக்க வல்லது. மற்றொன்று, வேகம் இழந்த ஊர்தி அதனைத் திரும்பப் பெற வேண்டுமாயின் முகப்பைத் தாழ்த்திச் சறுக்க வேண்டும்; சறுக்குவதற்கு உயரம் வேண்டும். வேகமும் உயரமும் விமானியின் இரு கைமுதல்கள். ஒன்று குறைந்தால் மற்றொன்றைச் செலவிட்டு ஈடு செய்யலாம். இரண்டும் ஒருங்கே குறைந்த இடத்தில் எந்தத் திறமையும் உதவாது. 2000 முறை பறந்து பெற்ற பழக்கமும் அன்று லிலியந்தாலைக் காக்கவில்லை.

வாசர்குப்பே மலையில்

லிலியந்தாலின் மறைவு அமெரிக்காவில் ரைட் உடன்பிறந்தாரின் கருத்தைக் கவர்ந்தது. ஊர்தியைக் காற்றில் கட்டுப்படுத்தும் வழியே முதலில் காணப்பட வேண்டியது என அவர்கள் உணர்ந்தனர். எஞ்சின் பொருத்திய வானூர்தியில் பறந்து உலகப் புகழ் பெற்ற பின்னரும், இளையவரான ஓர்வில் ரைட் கிளைடரை மறக்கவில்லை. 1911ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், வட கரோலினாவின் கில் டெவில் மணற்குன்றில், கடுங்காற்றில் சரிவின்மேல் 9 நிமிடம் 45 நொடி மிதந்தார். பத்தாண்டுகள் வரை அதனை விஞ்சியவர் இலர்.

அதனை விஞ்சியவர்கள் ஜெர்மானியர். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிக்கு, 1919ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கை எஞ்சின் வானூர்தித் துறையில் கடுமையான தடைகளை விதித்தது. எஞ்சின் இல்லாத ஊர்தியைத் தடை தொடவில்லை. ஆதலின் வானத்தில் வேட்கை கொண்ட மாணவர்களும் போர் முடித்துத் திரும்பிய விமானிகளும் ரோன் மலைப்பகுதியிலுள்ள வாசர்குப்பே என்னும் மலையை நாடினர். அதன் உயரம் 950 மீட்டர். மரங்கள் அடராத புல்வெளிச் சரிவுகள் பல திசைகளை நோக்கி அமைந்திருப்பதால், எத்திசையிலிருந்து காற்று வீசினும் அதற்கேற்ற சரிவு ஒன்று அங்குக் கிடைக்கும். 1920ஆம் ஆண்டு, இதழாசிரியர் ஆஸ்கர் உர்சினஸ் அங்கு முதற் போட்டியைக் கூட்டினார்.

அம்முதற் போட்டியிலேயே ஓய்கன் ஃபொன் லோசல் என்பவர் வீழ்ந்து மாண்டார். மறு ஆண்டுப் போட்டியில் வில்ஹெல்ம் லோய்ஷ் என்பவர் ஊர்தி காற்றில் முறிந்து உயிரிழந்தார். ஆயினும் அதே 1921இல் வெற்றியும் வந்தது. ஆகஸ்டு 30ஆம் நாள் வுல்ப்காங் கிளெம்பரர் 13 நிமிடம் பறந்து ரைட்டின் பத்தாண்டுச் சாதனையைக் கடந்தார். இரு வாரங்களுக்குப்பின், செப்டம்பர் 13ஆம் நாள், அதே ரோன் பகுதியில் பிரெடரிக் ஹார்த் 21 நிமிடம் மிதந்தார். அப்பறப்பு முடிவதற்குள் ஊர்தி வீழ்ந்தது, ஹார்த் படுகாயமுற்றார். சாதனையும் விபத்தும் ஒரே பறப்பில் நிகழ்ந்தன.

1922ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஹனோவர் பல்கலைக் கழகத்தார் அமைத்த வாம்பையர் என்னும் கிளைடர் காலத்தை மாற்றியது. 18ஆம் நாள் ஆர்தர் மார்ட்டன்ஸ் அதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பறந்தார். மறுநாள் பிரெடரிக் ஹென்ட்சன் இரண்டு மணி நேரத்தையும், 24ஆம் நாள் மூன்று மணி நேரத்தையும் கடந்தார். அதே ஆண்டு அக்டோபரில், இங்கிலாந்தின் இட்போர்டு குன்றில் பிரெஞ்சுக்காரர் மனெரோல் 3 மணி 21 நிமிடம் பறந்து 1000 பவுன் பரிசு பெற்றார். மனிதன் காற்றைக் கொண்டே வானில் தங்க முடியும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது.

சரிவின் அருகே நேரும் இடர்கள்

இங்குச் சற்று நின்று, மலையை நெருங்கும் விமானிக்கு நேரக்கூடிய இடர்கள் யாவை என ஆராய்வோம்.

முதலாவது, திருப்பத்தில் நேரும் இடர். இறக்கையைச் சாய்த்துத் திரும்பும் ஊர்திக்குத் தூக்குவிசை கூடுதலாகத் தேவைப்படும். எனவே அது தாக்குப்பிடிக்கும் குறைந்த வேகமும் உயரும். நேராகப் பறக்கும்போது மணிக்கு 65 கிலோமீட்டர் வரை வேகம் குறைந்தாலும் தாங்கும் கிளைடர், 45 பாகை சாய்ந்து திரும்பும்போது மணிக்கு 77 கிலோமீட்டருக்குக் கீழே தாங்காது. 60 பாகை சாய்ந்தால் மணிக்கு 92 கிலோமீட்டருக்குக் கீழே தாங்காது. அவ்வெல்லையைத் தாண்டினால் ஓர் இறக்கை முன்னதாகத் தூக்குவிசையை இழக்கும். ஊர்தி அப்பக்கமாகக் கவிழ்ந்து, சுழன்று கொண்டே வீழும். நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்தில் இதனின்று மீள்வது பயிற்சி பெற்ற எவருக்கும் எளிது. சரிவிலிருந்து முப்பது மீட்டர் தொலைவில் மீள்வதற்கு இடமே இல்லை.

இரண்டாவது, காற்றின் சீரின்மை. நிலத்தோடு உராயும் காற்று மெதுவாகவும், அதற்குச் சற்று மேலுள்ள காற்று விரைவாகவும் செல்லும். சரிவை ஒட்டிப் பறக்கும் கிளைடரின் ஓர் இறக்கை மெதுவான காற்றிலும் மற்றோர் இறக்கை விரைவான காற்றிலும் இருக்கக்கூடும். அன்றியும் வெயில் காய்ந்த பாறையிலிருந்து வெப்பக்காற்றுக் குமிழ்கள் கிளம்பும். அவை மலைக்கு அப்பால் உள்ள இறக்கையைத் தூக்கிவிட்டால், ஊர்தி மலையை நோக்கிச் சாயும். மரங்களும் பிளவுகளும் காற்றைக் குலைத்துச் சுழற்றும்.

மூன்றாவது, கண்ணின் மயக்கம். சமவெளியில் பறப்பவனுக்குத் தொடுவானம் தெளிவாகத் தெரியும். செங்குத்தான மலையை ஒட்டிப் பறப்பவன் அதனை இழக்கிறான். உயர்ந்து செல்லும் மலைமுகட்டையே தொடுவானமாகக் கருதி, தன்னை அறியாமலே ஊர்தியின் முகப்பை உயர்த்தி வேகத்தை இழந்துவிடுவான். மேலும், காற்றோடு செல்லும்போது நிலம் விரைந்து பின்னோடுவதாகத் தோன்றும். வேகம் மிகுந்துவிட்டது என்று மயங்கி அவன் அதனைக் குறைப்பான். ஊர்தியைத் தாங்குவது நிலத்தை ஒப்பிட்ட வேகம் அன்று. காற்றை ஒப்பிட்ட வேகமே.

நான்காவது, காற்று அடித்துச் செல்லும் தொலைவு. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று மலையை நோக்கி வீசும்போது, விமானி 20 நொடியில் ஒரு முழு வட்டமடித்தால் அதற்குள் அவன் 200 மீட்டர் மலைப்பக்கமாக அடித்துச் செல்லப்படுவான். வட்டமடிக்கத் தொடங்கும்போது இருந்த இடைவெளி, வட்டம் முடியும்போது இராது. பருந்து வட்டமிடுவதைப் பார்த்துத் தானும் சரிவருகே வட்டமிடத் தொடங்கியவன், அவ்வட்டத்தின் இரண்டாம் பாதியில் மலையைத் தன் முகத்துக்கு நேரே காண்பான்.

இந்நான்கையும் உணர்ந்தால் விதிகள் தாமே விளங்கும். திரும்பும்போதெல்லாம் மலையை விட்டு வெளிப்புறமாகவே திரும்ப வேண்டும். இவ்வாறு இரு முனைகளிலும் திரும்பினால் பறப்பின் பாதை எட்டு என்னும் எண்ணின் வடிவத்தைப் பெறும். முகட்டுக்கு மேலே போதிய உயரம் பெறும் வரையில் முழு வட்டம் கூடாது. மலையை நேருக்கு நேர் அணுகாமல், விரைந்து விலகுவதற்கேற்பச் சாய்வாக அணுக வேண்டும். சரிவை நெருங்க நெருங்க வேகத்தைக் கூட்ட வேண்டும். ஏற்றத்தில் மிதக்கும்போது மெதுவாகப் பறந்தால் உயரம் மிகுதியாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் சரிவருகே அந்தச் சிறு ஊதியத்துக்காக வேகத்தை விட்டுக்கொடுப்பவன் முதலையே இழக்க நேரும்.

உயரம் இல்லாத இடத்தில் வேறு பாதுகாப்புகளும் பயனற்றுப் போகும் என்பதற்குக் குந்தர் குரோன்ஹாப் என்னும் இளைஞரின் முடிவு சான்று. 1931ஆம் ஆண்டு மியூனிக்கிலிருந்து 272 கிலோமீட்டர் பறந்து புகழ் பெற்றவர் அவர். மறு ஆண்டு ஜூலை 23ஆம் நாள் ரோன் போட்டியில், புறப்படும்பொழுதே அவருடைய ஊர்தியின் வால்பகுதி சேதமுற்றது. கட்டுக்கடங்காத ஊர்தியினின்று அவர் வெளியே குதித்தார். பாராசூட் இருந்தும், அது விரிவதற்கு வேண்டிய உயரம் இல்லாமையால் மாண்டார்.

மலையின் மறுபக்கம்

இதுவரை கூறியது காற்று மோதும் பக்கத்தைப் பற்றியது. மலைக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. முகட்டைக் கடந்த காற்று அப்பக்கத்தில் கீழ்நோக்கிப் பாயும். சில இடங்களில் சுருண்டு கொந்தளிக்கும். முகட்டுக்கு மேலே சற்றே பின்னுக்குத் தள்ளப்பட்ட கிளைடர், ஒரு நொடி முன்வரை தன்னைத் தூக்கிய காற்றே இப்பொழுது தன்னை அழுத்துவதை உணரும். முன்னே சென்று மீள முயன்றால் எதிர்காற்றும் இறக்கமும் ஒருங்கே தடுக்கும். ஆகவே முகட்டுக்குப் பின்னே செல்லலாகாது என்பதும், மறுபக்கத்திலிருந்து முகட்டைக் கடக்க வேண்டுமாயின் மிகுந்த உயரம் வேண்டும் என்பதும் விதிகளாயின.

ஆயினும் அறிவு வளர்ந்தபோது மறுபக்கமும் ஒரு பரிசைத் தந்தது. 1933ஆம் ஆண்டு, அந்நாளில் ஜெர்மனியைச் சேர்ந்திருந்த ரீசன் மலைப்பகுதியில், ஹான்ஸ் டோய்ச்மன், வுல்ப் ஹிர்த் ஆகிய இருவரும், மலையைக் கடந்த காற்று நீரலை போலப் பன்முறை எழுந்து தாழ்வதைப் பறந்தே கண்டனர். அவ்வலையில் ஏறினால் மலையைப் போலப் பன்மடங்கு உயரம் செல்லலாம் என்பதும் பின்னர் விளங்கிற்று. ஆனால் அவ்வலையின் அடியில்தான் மிகக் கொடிய சுருள்காற்றும் உறைகிறது. இயற்கை ஒரு கையால் கொடுப்பதை மறு கையால் எண்ணிப் பார்க்கிறது.

நேரப் போட்டியும் உறக்கமும்

இனி, சரிவுப் பறப்பின் வரலாற்றில் நாம் நெடிது எண்ண வேண்டிய பகுதிக்கு வருகிறோம். காற்று ஓயாத வரையில் கிளைடர் சரிவில் மிதக்கும் என்பது தெரிந்ததும், எவர் அதிக நேரம் மிதப்பார் என்னும் போட்டி எழுந்தது.

இப்போட்டியில் முதற்புகழ் பெற்றவர் ஒரு பள்ளி ஆசிரியர். கிழக்குப் பிரஷ்யாவைச் சேர்ந்த பெர்டினாண்ட் ஷூல்ட்ஸ் என்பார் எளிய பொருள்களைக் கொண்டு தாமே ஒரு கிளைடர் கட்டினார். அதன் தோற்றம் கண்டு நகைத்தோர் அதற்குத் துடைப்பக்கட்டைப் பெட்டி என்று பெயரிட்டனர். அதில் அவர் 1924ஆம் ஆண்டு மே மாதம், ரொசிட்டன் மணற்குன்றுகளின்மேல் 8 மணி 42 நிமிடம் பறந்தார். 1927இல் வேறோர் ஊர்தியில் 14 மணி 7 நிமிடம் பறந்தார். 1931 டிசம்பரில், ஹவாய்த் தீவில் கடற்காற்று மோதும் மலைமுகத்தில் வில்லியம் காக் என்னும் அமெரிக்கப் படை அலுவலர் 21 மணி நேரத்துக்கு மேல் பறந்தார். 1933 ஆகஸ்டில், கிழக்குப் பிரஷ்யாவில் குர்ட் ஷ்மிட் 36 மணி 35 நிமிடம் பறந்தார். 1952 ஏப்ரலில், தென் பிரான்சின் ஆல்பில் மலைத்தொடரில் சார்ல் அத்ஜே 56 மணி 15 நிமிடம் தனியே பறந்தார்.

56 மணி நேரம்! இரண்டு பகல், இரண்டு இரவு. அதற்கு மேலும் சில மணி. காற்று விடவில்லை, கிளைடரும் களைக்கவில்லை. களைத்தது மனிதன். இப்போட்டி ஊர்தியையோ பறக்கும் கலையையோ சோதிக்கவில்லை; ஒருவன் எவ்வளவு நேரம் உறங்காமல் இருக்க முடியும் என்பதையே சோதித்தது. அச்சோதனையும் சமவெளியில் அன்று, இருளில் மலைச்சரிவை ஒட்டி நடைபெற்றது. ஒரே நொடியில் கிளைடர் இருபது முப்பது மீட்டர் சென்றுவிடும். சில நொடி கண்ணயர்ந்தால் சரிவுக்கும் இறக்கைக்கும் இடைவெளி எஞ்சாது.

அஞ்சியது நிகழ்ந்தது. 1954ஆம் ஆண்டு, அதே ஆல்பில் மலைத்தொடரில் இச்சாதனையை விஞ்ச முயன்ற பிரெஞ்சு விமானி ஒருவர் உறக்கத்தால் வீழ்ந்து மாண்டார். இதன் பிறகு அனைத்துலக வானூர்திக் கூட்டமைப்பு நேரச் சாதனையைப் பதிவு செய்யும் வழக்கத்தையே கைவிட்டது. ஐந்து மணி நேரம் வானில் தங்குவது வெள்ளிப் பட்டத்துக்குரிய தேர்வுகளுள் ஒன்றாக மட்டும் நிலைத்தது. ஐந்து மணி நேரம் பறந்தவனுக்கு அக்கலை கைவந்தது எனக் கொள்ளலாம். அதற்கு மேல் அளப்பது கலையை அன்று.

விளையாட்டுத் துறையில் ஒரு சாதனையை முறியடிப்போரைப் போற்றுகிறோம். ஒரு சாதனையையே வேண்டாம் என்று நீக்கியவர்களைப் போற்றுவது அரிது. அவர்கள் எத்தனை உயிர்களைக் காத்தனர் என்பதை எண்ணிச் சொல்ல எவராலும் இயலாது. நிகழாத இறப்புக்குக் கணக்கேது?

எதிரெதிரே வரும் ஊர்திகள்

நேரப் போட்டி ஒழிந்ததும் தொலைவுப் போட்டி ஓங்கியது. 1929ஆம் ஆண்டிலேயே ராபர்ட் குரோன்பெல்ட் டோய்டோபர்க் மலைத்தொடரை ஒட்டி 102 கிலோமீட்டர் பறந்து வழிகாட்டியிருந்தார். அமெரிக்காவில் கார்ல் ஸ்ட்ரீடெக், பென்சில்வேனியாவின் நீண்ட மலைத்தொடர்களை ஒட்டிச் சென்று மீண்டு, 1968இல் 767 கிலோமீட்டரும், 1977இல் 1600 கிலோமீட்டருக்கு மேலும் பறந்தார். இத்தகைய பறப்புகளில் கிளைடர் மரங்களின் உச்சியை ஒட்டி விரைந்தோடும். ஆல்ப்சு மலைகளில், பள்ளத்தாக்குகளின் குறுக்கே கட்டப்பட்ட கம்பிகள் வேறு, கண்ணுக்குப் புலப்படாத வலையாக அமைந்துள்ளன.

ஊர்திகள் பெருகியபோது புதிய இடர் ஒன்று தோன்றியது. சரிவில் ஏற்றம் கிடைக்கும் பட்டை குறுகியது. அதில் எல்லாரும் ஒரே உயரத்தில், எதிரெதிரே வருகின்றனர். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வரும் இரு கிளைடர்கள், ஒரு கிலோமீட்டர் இடைவெளியைப் பத்தே நொடியில் கடந்துவிடும். நேர் எதிரே வரும் கிளைடரோ, மெல்லிய கோடு ஒன்றைத் தவிர வேறெதுவாகவும் தோன்றாது.

வானில் எதிர்ப்படும் இருவரும் தத்தம் வலப்பக்கம் விலக வேண்டும் என்பது பொது விதி. ஆனால் மலையை வலப்பக்கம் கொண்டவன் வலப்பக்கம் எவ்வாறு விலகுவான்? ஆதலின் சரிவில் அவ்விதி திருத்தம் பெற்றது. மலை எவனுக்கு இடப்பக்கம் உள்ளதோ, அவனே வெளிப்புறமாக விலகி வழிவிட வேண்டும். வழிவிட முடிந்தவன் முடியாதவனுக்கு வழிவிடுவது என்னும் அறமே இவ்விதியின் உட்பொருள்.

விதி இருந்தும் கண் காணாவிடில் பயனில்லை. 1970, 1974, 1978 ஆகிய மூன்று ஆண்டுகளில் உலக வாகையர் பட்டம் வென்றவரும், நெடுந்தொலைவுப் பறப்பைக் குறித்துப் பலரும் போற்றும் நூல் எழுதியவருமான ஹெல்முட் ரைக்மன், 1992இல் ஆல்ப்சு மலைப்பகுதியில் மற்றொரு கிளைடருடன் மோதி மாண்டார். 2004ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில், கிளைடர்கள் தம் இருப்பிடத்தையும் போக்கையும் வானொலி அலை வழியாக ஒன்றுக்கொன்று அறிவித்து, மோதல் நேருமாயின் முன்னரே எச்சரிக்கும் ஃபிளார்ம் என்னும் சிறு கருவி விற்பனைக்கு வந்தது. அஃது இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. ஆயினும் அக்கருவி பொருத்தப்படாத ஊர்தியை அது காட்டாது. வெளியே நோக்கும் கண்ணுக்கு அது துணையே அன்றி, கண்ணுக்கு மாற்று ஆகாது.

பழக்கம் என்னும் பகை

லிலியந்தாலும் குரோன்ஹாப்பும் ரைக்மனும் கற்றுக்குட்டிகள் அல்லர். அவரவர் காலத்தில் தலைசிறந்து விளங்கியவர்கள். இதனால் நாம் பெறும் கருத்து யாது? அறியாமை மட்டுமே இடருக்குக் காரணம் என்றால், கற்றவர்க்கு இடர் இருத்தல் கூடாது. உண்மையில், அறியாதவன் மலையைக் கண்டு அஞ்சுகிறான். அச்சமே அவனை எட்ட நிறுத்துகிறது. நூறு முறை பறந்தவன், நூறு முறையும் மலை தன்னைத் தாங்கியதை நினைக்கிறான். நேற்றைவிட இன்று இரண்டு மீட்டர் நெருங்குகிறான், தீங்கொன்றும் நேரவில்லை. நாளை மேலும் இரண்டு மீட்டர் நெருங்குகிறான். எல்லை எது என்பதை மலை முன்கூட்டி அறிவிப்பதில்லை.

அந்த எல்லையை முன்கூட்டி அறிவிப்பவை விதிகளே. ஆனால் விதியைத் தனியே கற்பித்தால், தொல்லை தரும் நாளில் மாணவன் அதனைத் தூக்கி எறிவான். ‘மலைப்பக்கம் திரும்பாதே’ என்று கட்டளையிடுவது எளிது. இருபது நொடியில் காற்று உன்னை இருநூறு மீட்டர் கொண்டுபோகும் என்று கணக்கிட்டுக் காட்டுவதே கல்வி. காரணம் அறிந்தவன், ஆசிரியர் அருகில் இல்லாத இடத்திலும் விதியைக் காப்பான். தனியொருவனாக வானில் மிதக்கும் விமானியின் அருகில் எந்த ஆசிரியரும் இருப்பதில்லை.

கிளைடரில் பறக்கும் வாய்ப்பு நம்மில் மிகச் சிலர்க்கே கிட்டும். எனினும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் எவரும் இவ்வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது ஒன்று உண்டு. முன்னோர் தந்த விதி ஒவ்வொன்றையும் அது பிறந்த கதையோடும் காரணத்தோடும் சேர்த்தே கையளிக்க வேண்டும். கதையும் காரணமும் உதிர்ந்துபோன விதி வெறுஞ்சொல். அதனை மீண்டும் கற்றுக்கொள்வதற்கு மலை கேட்கும் கட்டணம் மிகப் பெரிது.